சமாதானக் கோர்வை

"அந்தப் பரமசிவம் என் தறிக்குழியில கால வெச்சான்னா வெட்டிடுவேன் சார்!"

குமாரசாமி கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"வெட்டுவானா? வரச் சொல்லு சார் அவன!" பக்கத்து வீட்டிலிருந்து தம்பி பரமசிவம் எகிறினார்.

நடுவில் நின்ற மணிவண்ணனுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. அண்டை நாடுகள் கூட்டமைப்பின் வரவேற்பு அதிகாரி அவர். போர் ஓய்ந்து ஒரு வருடமே ஆன இரண்டு நாடுகளின் தூதர்களைக் கூட்டமைப்பு நாளை இங்கே அழைத்து வருகிறது. ஒரே தறியில் அண்ணன் சேலையின் உடலுக்கும் தம்பி எதிர்க்கரைக்கும் நூல் சுற்றிய நாடா எறிந்து, இரண்டையும் இணைத்துக் கோர்வை போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். ஒருவர் கையை நிறுத்தினாலும் தறி நின்றுவிடும். அதை வைத்துத் தலைவர் பேசப்போகும் சமாதான உரை அச்சாகிவிட்டது. அழைப்பிதழில் இந்த இருவரின் படமும் வந்துவிட்டது. நாளை சொதப்பினால் மணிவண்ணனின் வேலைக்கே வேட்டு.

"குண்டு போட்டு அடிச்சிக்கிட்டவங்களே ஒரே மேஜையில உக்கார்றாங்க. உங்களுக்கு என்னய்யா கேடு?"

"இன்னா கேடா? அவன் வூட்டாண்ட தேங்குற சாக்கடை என் தறிக்குழியில இறங்குது சார். நாத்தத் தண்ணியில கால வுட்டுக்கினு பட்டு நெய்யறேன்!"

"கால்வாயே இல்லாத தெருவுல நான் மட்டும் எங்க சார் தள்ளுவேன்? தலையிலயா ஊத்திக்குவேன்?"

"கால்வாய் வந்தா ரெண்டு பேரும் உக்காருவீங்களா?"

"மொதல்ல வரட்டும். அப்பால பாக்கலாம்" என்றார் குமாரசாமி. பரமசிவம் காறித் துப்பினார்.

மணிவண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு யார் யாருக்கோ போன் போட்டார். கெஞ்சினார், மிரட்டினார், தூதர்களின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மதியத்துக்குள் ஜேசிபியும் சிமென்ட் குழாய்களும் வந்து இறங்கின. சாயங்காலம் சாக்கடை ஒழுங்காக ஓடியது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்று தலையாட்டினார்கள்.

'சண்டைக்காரப் பசங்க!' என்று திட்டிக்கொண்டே காரில் ஏறியவருக்கு, உரைத்தாள்களைத் தறிமேல் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பினார். குமாரசாமியின் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே அண்ணனும் தம்பியும் ஒரே தறிப்பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கிச்சுண்ணா."

"இன்னாடா பண்றது?" குமாரசாமி டம்ளரை ஆத்திரத்தோடு கீழே வைத்தார். "மூணு வருசமா ஒத்துமையா நின்னு மனு குடுத்தோம், ஒருத்தன் எட்டிப் பாக்கல. அடிச்சிக்கினாத்தான வர்றானுங்க!"