மதகு இருந்த இடம்

மூன்று நாள் மழையில் அந்த நகர் முழங்கால் தண்ணீரில் நின்றது. தெரு கூட்டும் பூங்காவனத்தைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் வரதராஜன் கூப்பிட்டார்.

"நீ இந்தப் பக்கத்து ஆளுதானேம்மா? பழைய ஏரியில தண்ணி வெளிய போற மதகு எங்க இருந்துச்சு?"

அவள் கையை நீட்டி, அவருடைய வீட்டு முன்புறம் கார் நிற்கும் இடத்தைக் காட்டினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னா இருக்குது சார்? அங்கதான் நான் துணி தொவைச்சேன். ஏரிய ஆக்கிரமிச்சிட்டீங்கன்னு கரைமேல இருந்த எங்க நாப்பது வூட்டையும் இடிச்சாங்க. அப்பறம் அந்த ஏரியவே மனைபோட்டு உங்களுக்கு வித்தாங்க."

தண்ணீர் படியேறித் தன் கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் வரதராஜன் அந்த இடத்தைத் தோண்டப் பொக்லைனை வரவழைத்தார்.

அதன் ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தான். முதலில் காரை எடுத்தார்கள். பிறகு அவருடைய மனைவி பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிப் போனாள். இதைப் பார்த்தால் வயிறு குளிரும் என்று பூங்காவனம் நினைத்திருந்தாள். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓட்டுநரிடம் போனாள்.

"அன்னிக்கு எங்க வூட்டு அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருந்துச்சுப்பா. எறக்கி வைக்கக்கூட வுடல."

ஓட்டுநர் சாவியில் கை வைத்தான். மாடிப்படியில் அந்த அம்மாள் ஒரு ரோஜாத் தொட்டியோடு அப்படியே நின்றாள்.