சுவருக்கு அந்தப் பக்கம்

"என்னங்க, கேக்குதா? சுவத்த யாரோ தட்றாங்க."

தேவநாதன் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கீரப்பாளையத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை.

"எலி ஓடும்."

"எலி மூணு தட்டு தட்டிட்டு நிறுத்துமா?" இளமதி பொதுச்சுவரில் காதை வைத்தாள். டொக், டொக், டொக். "பக்கத்து வீட்டு இருசம்மா அக்காதான். தண்ணி உள்ள பூந்திருக்கும்."

"அவுங்க காட்டுமன்னார்கோயில்ல பொண்ணு வூட்ல இருக்காங்கன்னு நீ வந்த அன்னிக்கே சொன்னேன்ல?"

இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், மிரியம் என்ற யூத மூதாட்டியை நான்கு வருடம் உடனிருந்து பார்த்துக்கொண்டவள் இளமதி. மூதாட்டி இறந்ததும் போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

"அப்ப தட்றது யாரு?"

அவன் போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டான்.

"மிரியம் அம்மா அடிக்கடி சொல்லும். பக்கத்துல ஒருத்தர் உசுருக்குத் தவிக்கறப்ப சும்மா நிக்காதன்னு அவுங்க வேதத்துலயே இருக்காம். உதவி பண்றது பெரிய மனசு இல்லியாம், கடமையாம்."

"அவுங்க ஊர்ல சொல்லுவாங்க. இங்க கரண்ட் கம்பி அறுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

"நீங்க உக்காருங்க. நான் போறேன்."

வெளியே முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"பூட்டு தொங்குதுங்க! ஆனா உள்ள தட்றது நிக்கல. கடப்பாரைய எடுத்துட்டு வாங்க!"

தட்டல் இப்போது அவன் முதுகுக்கு நேர் பின்னால் கேட்டது. வேகமாக, விடாமல்.

"வரேன்... இதோ வந்துட்டேன்." சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

கடப்பாரையோடு அவன் வாசலைத் தாண்டியதும் பின்னால் பொதுச்சுவர் சரிந்து, கட்டிலின் மேல் விழுந்தது.

தட்டல் நின்றுவிட்டது.

இளமதி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா தட்டலன்னா உங்கள உசுரோட பாத்திருப்பனா? சீக்கிரம் வாங்க, பூட்ட ஒடைங்க."

தேவநாதன் கடப்பாரையைத் தண்ணீரில் போட்டான்.

"அக்கா செத்து ஒரு வருஷம் ஆச்சு, இளமதி. போன மழையில ஓடு சரிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டு, இதே சுவத்தத்தான் தட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும். நான் கட்டில விட்டு எறங்கவேயில்ல."