எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா

சாப்பாட்டு மேசையில் அவளுடைய கேமிங் லேப்டாப் அடிமூடி இல்லாமல் குப்புறக் கிடக்கிறது. ஜன்னல் வெயில் அதன் செம்புக் குழாய்களில் பட்டுக் கூரையில் நெளிகிறது. நாலு மணிக்கு அவள் அணிக்கு ஆன்லைன் போட்டியின் இறுதி ஆட்டம். ப்ராசஸருக்குச் சூடு கடத்தும் புதுப் பசை தடவி மூடிப் பார்த்தும் அதன் கோர்களில் ஒன்று மட்டும் தொண்ணூற்றெட்டு டிகிரியில் கொதித்தது. மற்றவை எண்பதைத் தாண்டவில்லை. மறுபடி திறந்து பசை தடவியிருக்கிறாள். காலையில் "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்" என்ற கணவனோடு இன்னும் பேச்சில்லை. டயர் கடையிலிருந்து சாப்பிட வந்த அவன், கறுத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறான். ப்ராசஸரை அழுத்திப் பிடிக்கும் செம்புத் தகட்டின் முதல் திருகை அவள் ஒரேயடியாக இறுக்கியதும் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறக்கிறான்.

"அப்படியில்ல. சக்கரத்துக்கு நட்டு போடற மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு பக்கமே முறுக்கிக்கிட்டு நின்னா மறுபக்கம் தூக்கிக்கும்."

"யாரைச் சொல்றீங்க?"

"திருகைத்தான்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி அவள் அந்தத் திருகைத் தளர்த்துகிறாள். மூலைக்கு மூலை அரைச் சுற்றாக இறுக்குகிறாள். ஒவ்வொன்றுக்கும் அவன் தலை ஆடுகிறது. மூடி ஏறுகிறது. விசிறிகள் இரைகின்றன. திரையில் கோர்களின் சூட்டு எண்கள் மளமளவென ஏறி, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று ஒன்றாக நிற்கின்றன. திரும்பாமலே பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிடுகிறாள். "கை கழுவிட்டு வாங்க."

"கடையில ஒரு வண்டி ஜாக்கியில நிக்குதே."

"நிக்கட்டும்."