எத்தனாவது மாசம்

உறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று போன் அடம்பிடித்தது.

பூப்போட்ட துணி உறை. ஓரத்தில் இரண்டு இடங்களில் தையலைப் பிரித்து, அகலம் விட்டு, மறுபடி தைத்திருந்தது. கொண்டுவந்த அம்மாவின் தோளில் அளவு நாடா தொங்கியது. உடம்பு போட்டவர்களுக்குச் சட்டையைத் தளர்த்திக் கொடுப்பதுபோல, போன் உப்ப உப்ப உறையைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்.

ரிப்பேர்க்காரன் ஒருவழியாக அதை உருவி மேசையில் வைத்தான். முதுகு மூடி பிளந்து, திரை ஒரு பக்கம் தூக்கி, போன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

கடைத்தெருவில் அவனுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர். வாய் சும்மா இருக்காது. “ஒருநாள் இந்த வாய்தான் உங்களுக்கு வினை வைக்கும்” என்று சாப்பாட்டுப் பையோடு சேர்த்து மனைவி தினமும் கொடுத்தனுப்புகிறாள். பையை மட்டும் அவன் மறக்காமல் கொண்டுவருகிறான்.

“எத்தனாவது மாசம்மா?” என்றான், போனைக் காட்டி.

“பதினொண்ணு.”

ஒரு நொடி முழித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். தனக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லும் ஆளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அந்த அம்மா சிரிக்கவில்லை. நல்ல நக்கல்காரர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று அதற்கும் சேர்த்து மார்க் போட்டான்.

“யாரு போனும்மா?”

“என் பையனோடது.”

“ராப்பகலா சார்ஜ்லயே கெடக்குமோ?”

“ஆமா. எடுக்கறதே இல்ல.”

“அதான். மூக்குமுட்ட தின்னவன எழுந்திருக்க விடாம இன்னும் ஊட்டிக்கிட்டே இருந்தா? எம்பது வந்ததும் பிடுங்கிடணும். இருபதுக்குக் கீழ விடக்கூடாது. உங்க பையன்கிட்ட சொல்லுங்க.”

அந்த அம்மா நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

“சொல்றேன்.”

பிறகு மெதுவாகக் கேட்டார். “அணைக்காம பேட்டரிய மட்டும் மாத்த முடியுமாப்பா?”

“உயிரோட நெஞ்ச மாத்தச் சொல்றீங்களே! அணைச்சாத்தான் முடியும்.”

மறுபடி ஆன் செய்தால் கேட்கும் பின் நம்பர் மறந்துவிட்டதா என்று கேட்டான். இல்லை, தெரியும். படங்கள் போய்விடுமென்று பயமா? இல்லை, எல்லாம் வேறு போனுக்கு மாற்றியாயிற்று. அப்புறம் என்னதான்?

அவர் போனை எடுத்தார். செட்டிங்ஸில் நுழைந்து, கீழே, இன்னும் கீழே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்துக்குத் தடுமாறாமல் போனார். கடைசியாக ஆன் செய்ததிலிருந்து போன் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் வரி அது.

8041 மணி, 12 நிமிடம். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இது மட்டும் போயிடக் கூடாது.”

“இதுவா! இது வண்டி மீட்டர் மாதிரிம்மா. சைபர் ஆச்சுன்னா புது வண்டின்னு நெனச்சுக்குங்க.”

அவர் போனை உறைக்குள் நுழைக்கப் பார்த்தார். அப்போதுதான் ஸ்பீக்கருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

“ராத்திரி எங்க வப்பீங்க?”

“தலமாட்டுல.”

“பக்கத்துல யாரு படுப்பா?”

“சின்னவ.”

“இது எப்ப வேணா தீப்பிடிக்கும்மா. இன்னிக்கு ராத்திரியேகூட.”

இதைச் சொல்லும்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. அந்த அம்மா திரையையே பார்த்தார். மணியில் ஒரு நிமிடம் கூடியது. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் பாக்கல. நீங்களே அணைச்சிடுங்க.”

அணைத்தான். உப்பிய பேட்டரியைத் தகட்டால் நோகாமல் நெம்பி எடுத்து, மணல் வாளியில் போட்டான். புதியதை உட்கார வைத்தான். மூடியை ஒட்டினான். ஆன் செய்தான். நடுவில் சீட்டி வேறு அடித்தான்.

“பாருங்க, எளச்சுப் போயிட்டாரு!”

அவர் அதே பக்கத்தைத் திறந்தார்.

0 மணி, 1 நிமிடம்.

“இது நீங்க ஆன் பண்ணது,” என்றார். “அது அவன் ஆன் பண்ணது.”

குறையாகச் சொல்லவில்லை. கலந்து கிடக்கும் துணிகளில் யாருடையது எது என்று பிரித்து வைப்பவர்போலச் சொன்னார். போனை உறைக்குள் போட்டார். இப்போது உறை தொளதொளவென்று இருந்தது. இரண்டு விரலால் உறையின் ஓரத்தைப் பிடித்து, எவ்வளவு தைத்துக் குறைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

ஸ்பீக்கர் அடுத்த போனை எடுத்தான். வைத்தான். கால்குலேட்டரை இழுத்தான்.

எட்டாயிரத்து நாற்பத்தொன்று. இருபத்து நான்கால் வகுத்தான். முந்நூற்று முப்பத்தைந்து நாள். முப்பதால் வகுத்தான்.

பதினொன்று. மேலே கொஞ்சம்.

‘உங்க பையன்கிட்ட சொல்லுங்க’ என்று இதே வாய்தான் சொல்லியிருந்தது.

வாசலுக்கு ஓடினான். தெருவில் அளவு நாடா போட்ட தோள் எதுவும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, மேசை ஓரத்தில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. பேட்டரி இல்லாமலே போனுக்குக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கிற பெட்டி. அதன் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் முதலில் போனில் பொருத்திவிட்டு, அதன்பின் பேட்டரியை உருவினால் போன் அணையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் செய்ய வேண்டிய வேலை.

முடியாத வேலை இல்லை. போன வருஷம் எதிர்க்கடைக்காரனோடு பந்தயம் கட்டி ஒருமுறை செய்து காட்டியிருக்கிறான்.

வேடிக்கைக்கு.