அட்டையில் உள்ளங்கையளவு எண்ணெய்

அக்காவின் பழைய லாரியை வாங்க வந்தவர், அடியில் விரித்திருந்த அட்டையில் எண்ணெய் ஒழுகியிருப்பதைப் பார்த்ததுமே நடையைக் கட்டிவிட்டார். மெக்கானிக்கான தம்பிக்கு அது மானப் பிரச்சினை. இன்ஜினைக் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஓடவிட்டான். பவுடர் ஈரமானால் அங்கேதான் கசிவு; அந்த இடத்திலெல்லாம் கசிவை அடைக்கும் கேஸ்கட்டை மாற்றினான். மறுநாளும் அட்டையில் அதே இடத்தில் உள்ளங்கையளவு எண்ணெய்.

"ஒழுகுற வரைக்கும் பயமில்ல, உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்னு உங்க மாமா சொல்வாரு," என்றாள் அக்கா. லாரியை ஓட்டியவர் மாமாதான்; அந்த அட்டையை விரிக்கும் பழக்கமும் அவருடையதுதான். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

தம்பிக்கு மண்டை காய்ந்தது. எண்ணெயைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்தான். இன்ஜினையே சங்கிலி கட்டித் தூக்கி, பட்டறைக்குள் பெஞ்சில் இறக்கி வைத்தான்.

காலையில் அக்கா வந்தபோது, இன்ஜின் இல்லாத லாரிக்கு அடியில் அவன் படுத்திருந்தான். புது அட்டையில், அதே இடத்தில், எண்ணெய். தொட்டான். இப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியினுடையதைப் போலச் சுட்டது.

"வாங்க வர்றவங்ககிட்ட என்னக்கா சொல்றது?"

அக்கா குனிந்து நனைந்த அட்டையை உருவினாள். காய்ந்த அட்டை ஒன்றை அதே இடத்தில் விரித்து, ஓரங்களை நீவிவிட்டாள்.

"விக்கலன்னு சொல்லு."