ஒரு சாட்சி போதும்

ரைட்டர் தாமோதரன் தன் தோள் துண்டை நீளவாக்கில் கிழித்து, தரையில் கிடந்த மாட்டின் பின்னங்காலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுரங்க ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். வெள்ளைச் சட்டையில் ரத்தம் படுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் மண்ணில் மண்டியிட்டிருந்தார்.

"ஒடிஞ்சே பூட்ச்சா, ரைட்டரய்யா?" என்று கேட்டான் பெருமாள்.

அவர் துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். செவலை மாடு ஒரு முறை எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றியது, பின்பக்கம் வரவில்லை. அப்படியே சரிந்து விழுந்தது.

பெருமாள் பூதிகோட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து சுரங்கத்துப் பாய்லருக்கு விறகு ஓட்டுகிறவன். சுமையை இறக்கிவிட்டு, கடைத்தெரு ஓரமாக வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மாடுகளைச் சக்கரத்தில் கட்டிவிட்டுக் கூழ் குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வண்டி கவிழ்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் உடைந்து சிதறியிருந்தது. இன்னொரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தள்ளி நின்று நடுங்கியது. இடித்தவர் யாரென்று தெரியவில்லை. நின்று பார்க்காமலே போய்விட்டார்.

"நடு ரோட்டுலயா வுட்டேன்? ஓரமாத்தானே நிறுத்தினேன்," என்று பெருமாள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டான். "பட்டப்பகல்ல நடந்திருக்குது. இத்தினி பேர் கீறீங்க. யாருமா பாக்கல?"

முகங்கள் குனிந்தன. ஒருவர் உள்ளே இருந்தேன் என்றார். ஒருவர் தனக்குக் கண் சரியில்லை என்றார். கூட்டம் மெல்லக் கரையத் தொடங்கியது.

பெருமாள் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "கன்னுக்குட்டியா வாங்கியாந்தது. என் பொண்டாட்டி கையால கஞ்சி குடிச்சி வளந்தது. இன்னான்னு போயி அவகிட்ட சொல்லுவேன்?"

"அழாத பெருமாளு," என்றார் தாமோதரன். "குதிரை மிரண்டு ஓடினா யாரால புடிக்க முடியும்? அதுக்காக இப்பிடி அம்போன்னு வுட்டுட்டுப் போறது நியாயமாயிடுமா? போலீசுக்குப் போனா சாட்சி எங்கன்னு கேப்பாங்க. ஒரு சாட்சி போதும். கோலார் கோர்ட்டு வரைக்கும் நானே கூட வரேன்."

பெருமாள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

தாமோதரன் அவனைக் கடை கடையாக அழைத்துப் போனார். ஒவ்வொருவர் தோளிலும் கைபோட்டு, பொறுமையாகக் கேட்டார். "பயப்படாம என்கிட்ட சொல்லு. நீ பாத்தியா?" எல்லோரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். பெருமாள் வாசலிலேயே நின்றான். கேட்க வந்தது தனக்காகத்தான் என்றாலும், ஒவ்வொரு கடையிலும் 'இல்லை' என்று வரும்போது தானே ஏதோ தப்பு செய்தவன்போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கூலி லைன் முனையில் வேர்க்கடலை அவித்து விற்கும் லூயிசாவிடம் வந்தார்கள். அவள் புருஷன் சுரங்கத்துக்குள் செத்தவன். ஒரே மகனும் இப்போது அதே சுரங்கத்தில்தான் இறங்குகிறான்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்று அவளும் சொன்னாள்.

அந்த நேரம் மரத்தடியில் நாலைந்து பேர் சேர்ந்து செவலையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். அது கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. கடலை அளந்துகொண்டிருந்த லூயிசாவின் கை நின்றது.

"பாத்தேன், ரைட்டரய்யா," என்றாள் தாழ்ந்த குரலில். "பெரிய பங்களாத் தொர. அவரே சாரட்டு ஓட்டிக்கினு வந்தாரு. இடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தாரு. மாடு வுழுந்து கெடக்கறத நல்லா பாத்துட்டுதான் குதிரையச் சாட்டையால அடிச்சாரு."

பெருமாள் அவள் முன்னால் வந்து குந்தினான். "இத்த கோர்ட்டுல வந்து சொல்லுவியா, தாயி?"

அவள் கடலைப் படியைக் கீழே வைத்தாள்.

"எம் பேரு வெளிய வந்தா என் புள்ளைக்கு வேலை பூடும். லைன்ல கீற வூடும் பூடும். ஆனா அந்த வாயில்லாத ஜீவன் கத்தறதக் கேட்டுக்கினு சும்மா ஒக்கார முடியல. சொல்றேன்பா. வந்து சொல்றேன்."

"லூயிசா, நான் சொல்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் வாயத் தொறக்காத," என்றார் தாமோதரன். "பெருமாளு, நீயும்தான். மாட்டுகிட்ட போய் இரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பெருமாள் மரத்தடிக்கு ஓடினான். செவலையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மூச்சு வாங்கியது அதற்கு. அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி அதன் காதருகே குனிந்தான். "நமக்கும் ஒரு ஆள் கெடச்சிட்டாங்கடா. வுட மாட்டேன்."

பொழுது சாயும் நேரத்தில் தாமோதரன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மேட்டிலிருந்த பெரிய பங்களாவின் பின்பக்க வழியாக உள்ளே போனார். துரை தாழ்வாரத்தில் நாற்காலியில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாமோதரன் குனிந்து சலாம் வைத்தார்.

"கடைத்தெரு பூரா விசாரிச்சிட்டேன், தொர. பாத்தது ஒரே ஒரு பொம்பளைதான்."