நாலு மணி டவுட்டு

“ஏங்க, ஒங்க அப்பா எங்கிட்டப் பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?”

மஸ்கட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த மாரிக்கண்ணன் சிரித்தான். “அவுக பெத்த மகன் எங்கிட்டயே பேச மாட்டாக. ஒங்கிட்ட என்னத்தப் பேசப் போறாக?”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. இங்க செவத்தோட பேசிக்கிட்டுக் கெடக்குறது நாந்தான?”

தங்கலட்சுமி போனை மறு காதுக்கு மாற்றினாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, பாளையம்பட்டியில் அந்த வீட்டில் இருப்பது அவளும் மாமனார் மொக்கையனும் மட்டும்தான். மனிதர் வாசலில் நின்று “க்கும்... க்க்கும்” என்று கனைப்பார். மருமகள் எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்ளட்டும் என்று. உள்ளே வருவார். தட்டைப் பார்த்தே சாப்பிடுவார். போய்விடுவார். அந்தக் கனைப்பைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அதனால்தான் ஆன்லைனில் எக்செல் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பிடித்தாள். அதிலும் பாருங்கள், பாடத்தை முன்னாலேயே தனியாகப் பேசிப் பதிந்து அனுப்பிவிட வேண்டும். மனிதர்களோடு பேசக் கிடைப்பது டவுட்டு நேரம் ஒன்றுதான். சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சு வரை. யார் வேண்டுமானாலும் லிங்க்கைத் தொட்டு உள்ளே வரலாம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில்கூட அந்த லிங்க்கைப் போட்டிருந்தாள். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

“டவுட்டு கேக்க ஈ காக்கா வரலங்க. பவுடர் போட்டுக்கிட்டு என் மூஞ்சிய நானே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ஆளு வரலன்னா இந்த வாரத்தோட நிறுத்திருவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அதுவும் போச்சுன்னா எனக்குக் கிறுக்குத்தான் பிடிக்கும்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. திரும்பினால், பின்னால் மொக்கையன்! தண்ணீர் குடிக்க வந்தவர், கையில் சொம்போடு நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஏம்மா அழுகிறாய் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். சொம்பை வைத்துவிட்டு, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அழுகிறவளப் பாத்துக்கிட்டே போறாக, பாத்துக்கங்க. கல்லுங்க, கல்லு!”

மறுநாள் நாலு மணிக்கு அதிசயம் நடந்தது. ஒரு ஆள் உள்ளே வந்திருந்தது. பெயர் கோகுல். முகம் தெரியவில்லை, குரலும் இல்லை. எழுத்து மட்டும் வந்தது.

‘டீச்சர், கட்டம் கட்டமா இருக்கே, மொதல்ல எந்தக் கட்டத்துல எழுதணும்?’

தங்கலட்சுமி அந்த ஒரு கட்டத்தையே ஒரு மணி நேரம் விளக்கினாள். மறுநாளும் கோகுல். மறுநாளும் அதே கட்டம்.

“நேத்துத்தான இதச் சொன்னேன்?”

‘மறந்துபோச்சு டீச்சர். சாப்பிட்டீங்களா?’

சரியான மக்கு! ஆனால் அந்த மக்கு தவறாமல் வந்ததில் டவுட்டு நேரம் தப்பித்தது. கம்பெனியும் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றது. நாலு மணி எப்போதடா வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள் தங்கலட்சுமி.

இது பொறுக்காத மாதிரி பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வந்து வத்தி வைத்தாள்.

“ஏத்தா, ஒன் மாமனாரு சாயங்காலமானா எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல ஒக்காந்துக்கிட்டு, போனை வாய்கிட்ட வச்சுக் குசுகுசுன்னு பேசுறாக. நான் கிட்டப் போனா டபக்குன்னு மறைக்கிறாக. இந்த வயசுல யாருகிட்டடி அப்படிப் பேச்சு?”

தங்கலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம், வெளியே யாருக்கோ குசுகுசுப்பா?

அன்றைக்குக் கோகுலிடமிருந்து டவுட்டு வரவில்லை.

‘ஏன் டீச்சர் முகம் வாடியிருக்கு?’

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள்.

“எங்கயோ இருக்க ஒங்களுக்குத் தெரியுது. எங்க வீட்டுலயும் ஒரு மனுசர் இருக்காக, எங்க மாமா. நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்க மாட்டாக. ஊர்ல யாருகிட்டயோ மணிக்கணக்காப் பேசுவாக. எங்கிட்டப் பேசினா மட்டும் வாய் வலிச்சிருமா?”

பதில் இல்லை. வெகுநேரம் இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஐயோ, இருந்த ஒருத்தரையும் விரட்டிவிட்டோமே!

அப்புறம் எழுத்து வந்தது.

‘அவருக்கு என்ன பேசுறதுன்னு தெரியாம இருக்கும் டீச்சர்.’

“ஆமா, நீங்க வந்து கண்டீங்களாக்கும்!”

வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளுமே, அந்தப் பொத்தானை அமுக்கப் போய், கோகுல் வேறு எதையோ அமுக்கிவிட்டார் போலிருக்கிறது. அவருடைய மைக் திறந்துகொண்டது.

திருச்சுழி பஸ்ஸின் ஹாரன் காதைப் பிளந்தது. ஹெட்போனிலும் கேட்டது. ஜன்னல் வழியாகவும் கேட்டது.

தங்கலட்சுமி ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போகும் சத்தம். அது அடங்கியதும், பேசுவதற்கு முன்னால் யாரோ தொண்டையைச் சரிசெய்கிறார்கள்.

“க்கும்... க்க்கும்.”

அவள் கை தானாக முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. எழுந்து நின்றுவிட்டாள், யாருமில்லாத அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“சொல்லுங்க மாமா... என்ன டவுட்டு?”